ஒற்றைக் கையுறை

கால்டர் ஃபால்ஸ் ஊரில் கெஸ்லர் மருந்துக்கடைக்குப் போனவர்களில் பாதிப்பேர் மருந்து வாங்கப் போனவர்கள் அல்ல. எமில் கெஸ்லர் 1891-இல் கடை திறந்தபோது இருமலுக்கும் சிரங்குக்கும் மட்டும்தான் மருந்து விற்றார். ஆறு வருஷம் கழித்து பிலடெல்பியாவிலிருந்து ரயிலில் ஒரு சோடா மேடையை வரவழைத்தார். நீளமான பளிங்குப் பலகை, முன்னால் ஸ்டூல்கள், சோடா வரும் மூன்று வெள்ளிக் குழாய்கள், பின்னால் ஆளுயரக் கண்ணாடி. இறக்கும்போதே கண்ணாடி மூலையில் விரிசல் விட்டுவிட்டது. அதற்கு எதிரே உட்கார்ந்தால் ஆளுக்கு இரண்டு மூக்கு தெரியும். சாராயத்துக்குத் தடை இருந்த காலத்தில், மருந்துச் சீட்டோடு வந்தால் மட்டும் விஸ்கி கிடைக்கும் என்றிருந்தபோது, ஊரில் ஆண்கள் எல்லோருக்கும் ஒரேயடியாக நெஞ்சுச்சளி பிடித்தது. தடை நீங்கிய மறுநாளே சளியும் போய்விட்டது.

ஆனால் அந்தக் கடையின் சரித்திரம் விஸ்கியில் இல்லை, விளக்கெண்ணெயில் இருக்கிறது. எந்தப் பிள்ளைதான் விளக்கெண்ணெயை வாய்திறந்து குடிக்கும்? எமில் அதை நன்னாரி சோடாவில் கலந்து, நாக்குக்கே தெரியாமல் இறக்கிவிடும் வித்தையைக் கண்டுபிடித்தார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாக்காரி வாய்விட்டுக் கேட்க முடியாதே. அதற்கும் வழி செய்தார். அம்மா ஒரு கையுறையை மட்டும் கழற்றிப் பளிங்கின்மேல் வைப்பாள், விரல்கள் பிள்ளையைப் பார்க்கும்படி. அப்புறம் மழையைப் பற்றிப் பேசுவாள். சோடா கலக்கும் ஓரின் ஒரு கேள்வி கேட்க மாட்டார். பிள்ளை குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போகும். சாயங்காலம் நடப்பது அவரவர் வீட்டு விஷயம்.

எமில் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. இப்போது மகள் வெர்னா மருந்து கலக்கிறாள். கடையில் பாதி அவளுக்கு, பாதி தம்பி லீலண்டுக்கு. அவன் டெமாயின் நகரத்தில் கார் விற்கிறான். ஒருவர் விற்கவேண்டும் என்றால் மற்றவர் அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சேர்ந்து விற்கவேண்டும் என்பது அப்பா எழுதிவைத்தது. வெர்னாவுக்கு வாங்க வழியில்லை. ஊர் ஊராக ஒரே மாதிரிக் கடை போடும் ஒரு கம்பெனியை லீலண்ட் பிடித்துவிட்டான். சனிக்கிழமை கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை சோடா மேடையைப் பெயர்த்து, அந்த இடத்தில் ஷாம்பு அடுக்குவார்கள். ஓரினுக்கும் வேலை போகும். 

"சோடா குடிக்க யாரு வர்றாக்கா? நாலு கெழவனுங்க வர்றானுங்க. ஒரு காப்பிய வெச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் ஊர்வம்பு பேசுறானுங்க" என்றான் லீலண்ட்.

"நீ பொறந்தன்னிக்கு டாக்டரக் கூட்டியாரப் பனியில ஓடுனது அதுல ரெண்டு கெழவனுங்கதான்டா."

"அதுக்காக ஆயுசுக்கும் அவனுங்களக் கட்டி அழணுமா?"

சனிக்கிழமை கம்பெனி ஆள் புரூயட் டெமாயினிலிருந்து காரில் வந்தார், கூடவே மனைவி ஐடெல்லாவும். மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பார்த்தார். லீலண்ட் வால்பிடித்தபடி பின்னாலேயே போனான். பார்க்கச் சகிக்காமல் வெர்னா உள்ளறைக்குப் போய், ஒரு பாட்டில் இருமல் மருந்தை அவசியமில்லாமல் பத்து நிமிஷம் குலுக்கினாள்.

வெளியே வந்தபோது புரூயட் சோடா மேடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே காலிக் கண்ணாடி டம்ளர். பக்கத்தில் ஐடெல்லாவின் பழுப்புக் கையுறை, ஒன்றே ஒன்று. ஐந்து விரலும் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இருநூறு கடையில குடிச்சிருக்கேன். இப்படி வழவழன்னு ஒரு நன்னாரி சோடா குடிச்சதே இல்ல" என்றார் அவர்.

வெர்னா ஓரினை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"அண்ணே, அதுல என்ன கலந்தீங்க?"

"அந்தம்மா கையுறை வெச்சாங்க பாப்பா. கலந்தேன்." அவளுக்கு ஐம்பது வயதாகியும் ஓரினுக்கு அவள் பாப்பாதான்.

"அந்தாளுக்கு அம்பத்தஞ்சு வயசு!"

"அதான் ரெண்டு ஸ்பூன் சேத்து ஊத்துனேன்."

அங்கே புரூயட் பேனாவைத் திறந்துவிட்டார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கடையைப் பறிக்கிறவன் வழியில் படட்டுமே என்று ஒரு கணம் வெர்னாவுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் சுவரில் மாட்டியிருந்த மருந்து கலக்கும் உரிமப் பத்திரத்தில் அவள் பெயரல்லவா இருக்கிறது.

"சார், மன்னிச்சுக்குங்க. நீங்க குடிச்சதுல விளக்கெண்ணெ இருக்கு. ரெண்டு மணி நேரத்துல வேலையக் காட்ட ஆரம்பிக்கும். நீங்க திரும்பிப் போக டெமாயின் எண்பது மைல்."

லீலண்ட் தலையில் கைவைத்துக்கொண்டான். புரூயட்டின் முகம் சிவந்தது. அவர் வாய் திறப்பதற்குள் ஐடெல்லா பேசினாள்.

"அவங்கள ஏன் மொறைக்கிறீங்க? கையுறைய வெச்சது நான். ஒன்பது வயசு வரைக்கும் இந்த ஊர்லதான் வளந்தேன். இந்த ஸ்டூல்லயே மூணு தடவ குடிச்சிருக்கேன். மூணாவது தடவதான் அம்மாவோட கையுறையக் கவனிச்சேன்." பிறகு வெர்னாவிடம் திரும்பினாள். "ஓட்டல் ஓட்டலா தின்னுட்டு இவருக்கு நாலு நாளாப் போகலம்மா. சொன்னா மருந்து சாப்பிட மாட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாம்ல?" என்றார் புரூயட்.

"உங்க கம்பெனிக் கடை எதுலயாவது கையுறைய வெச்சா என்னன்னு யாருக்காவது தெரியுமா? தொலஞ்ச பொருள் பெட்டியிலதான் போடுவாங்க."

அவர் காலி டம்ளரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயிற்றில் எங்கோ ஒரு சின்ன உறுமல் கேட்டது. பேனாவை மூடினார்.

"இந்தக் கடை எங்களுக்கு ஒத்துவராது தம்பி" என்று லீலண்டிடம் சொல்லிவிட்டு எழுந்தார். "வண்டிய எடு ஐடெல்லா. வேகமா."

ஐடெல்லா கிளம்பும்போது கையுறையை எடுத்துக்கொள்ளவில்லை. "இது இங்கயே இருக்கட்டும்" என்று வெர்னாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

லீலண்ட் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். 

"அப்போ அம்மா இங்க வந்தா ஒரு கையுறையக் கழட்டி வெப்பாங்களே, அது..."

"ஒரே கோடையில ஆறு தடவ. நீ பச்ச ஆப்பிள் திருடித் தின்ன வருஷம்."

"எனக்குச் சோடா வாங்கிக் குடுக்கத்தான் கூட்டிட்டு வர்றாங்கன்னு நெனச்சேன்க்கா."

"சோடாவும் வாங்கிக் குடுத்தாங்கல்ல."

அவன் விரிசல் கண்ணாடியில் தன் இரண்டு மூக்கையும் பார்த்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சரி, இவன் இல்லன்னா இன்னொருத்தன். அடுத்த வாரம் வேற கம்பெனிக்காரனக் கூட்டிட்டு வர்றேன்."

வெர்னா பழுப்புக் கையுறையைப் பளிங்கின்மேல் வைத்தாள். சுருக்கம் நீவி, விரல்களைத் தம்பி பக்கம் திருப்பினாள்.

"இந்த வருஷம் மழ எப்படி அண்ணே?" என்றாள்.

"பரவால்ல பாப்பா" என்றார் ஓரின். நன்னாரிக் குழாயைத் திறந்தார். மறுகை தானாக மேல்தட்டுப் பாட்டிலுக்குப் போனது.

லீலண்ட் கையுறையைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"கடைய விக்கலக்கா," என்றான். "மொதல்ல அந்தக் கையுறைய எடு."