கட்டிலில் வைத்துக் கவனித்தது

சேக் அலாவுதீனுக்குக் காய்ச்சல் நாலாம் நாளே விட்டுவிட்டது. ஆனாலும் இரண்டு வாரமாக மனைவி அஜீசுன்னிசா அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. துபாய்க் கடைகளில் நின்றே காலம் கழித்த மனிதர். சர்க்கரை வியாதியோடுதான் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். இனியாவது படுத்துச் சாப்பிடட்டுமே என்று அவளுக்கு ஆசை. கஞ்சி கட்டிலுக்கு வந்தது. கை கழுவும் சட்டியும் வந்தது. தொழுகைகூடப் படுக்கையில் உட்கார்ந்தபடிதான்.

"கால் தரையில படக்கூடாது மச்சான்" என்பாள். அவரும் புதுமாப்பிள்ளை மாதிரி சாய்ந்துகொள்வார்.

வியாழக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்கு அவராகவே தரையில் முசல்லாப் பாயை விரித்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும் என்ற வேகம். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தவர் எழவில்லை. நெடுநேரம் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிறகுதான் தொடை நடுங்குவது தெரிந்தது. ஓடிப்போய்த் தூக்கினாள்.

"என் கால் எங்கே போச்சு புள்ளே? நாளைக்கு நாற்காலியில உட்கார்ந்துதான் தொழணுமா?" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் பங்கஜவல்லி பார்த்தபோது சர்க்கரையும் ஏறியிருந்தது.

"இனிப்பு கண்ணுல காட்டலை டாக்டரம்மா" என்றாள் அஜீசுன்னிசா.

"சாப்பாட்டுல தப்பில்லம்மா. சாப்பிட்ட சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கிறதே தசைதான். அதைப் படுக்க வச்சுட்டீங்க. சர்க்கரை உள்ளவங்க கொஞ்ச நாள் முடங்கினாலே தசை இளைச்சுடும். திரும்பி வர அதைவிட நாளாகும். தினம் நடக்கட்டும், நாற்காலியிலேர்ந்து எழுந்து எழுந்து உட்காரட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க, தூக்கிவிடாதீங்க."

திரும்பும் ஆட்டோவில், கடைத்தெருவைக் கடந்தபின் அவள் சொன்னாள்: "நான்தான் உங்களை முடக்கிட்டேன்."

"நானும் சொகமாத்தானே கிடந்தேன்" என்றார் அவர்.

மறுநாள் பள்ளிவாசலில் கடைசி வரிசை நாற்காலியில் அமர்ந்து தொழுதார். பிறகு தினமும் கூடத்தில் நடை. நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது. அவர் தடுமாறும்போதெல்லாம் அவள் கை தானாக நீளும். முந்தானையை முறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"கொஞ்சம் பிடிச்சாத்தான் என்னவாம்?"

"மாட்டேன்."

"கல்நெஞ்சுக்காரி."

"ஆமா. எழுந்திரிங்க."

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், மறுபடி தரையில் உட்கார்ந்து தொழுதார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. அடுத்த தடவை, மெல்ல, முழுசாக எழுந்து நின்றார்.

நின்றதும் அவளைத்தான் தேடினார். பக்கத்திலேயே, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நின்னுட்டேன் புள்ளே. பார்க்கலையா?"

"பார்த்திருந்தா பிடிச்சிருப்பேன் மச்சான்."