காதுகுத்து முடியட்டும்

ஹரிராமுக்கு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பதினோரு வருஷ சர்வீஸில் அவன் எந்தக் கோப்பையும் நிராகரித்ததில்லை. எதற்கும் சரி என்று எழுதியதும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 'பரிசீலனையில் உள்ளது' என்று குறித்துப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவான். அதனாலேயே அலுவலகத்தில் அவனுக்கு ஒரு எதிரிகூடக் கிடையாது. இப்படிப்பட்ட மனுஷனிடம் போய், உண்டா இல்லையா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று டாக்டர் ஆல்பின் கேட்டது அவர் தப்புத்தான்.

டாக்டர் ஆல்பின் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்பவர். ஹரிராமின் மகன் கார்த்திகேஷுக்கு அப்போது பதினோரு மாதம். மூன்று மாதத்தில் மூன்று தடவை காய்ச்சல், மூன்று தடவையும் சிறுநீரில் கிருமி. ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை முகம் சிவந்து காலை உதைத்துக்கொண்டு அலறினான். நுனித்தோல் இறுகி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

"மருந்து குடுத்தா அடங்குது, நிறுத்துனா திரும்ப வருது" என்றார் டாக்டர். "அந்தத் தோலை எடுத்துட்டா நல்லது. காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் இப்ப சுத்தமா இருக்கு. கிருமி அங்க ஏறித் தழும்பு விழுந்துச்சுன்னா அப்புறம் சரிபண்ண முடியாது. தள்ளிப்போடாதீங்க."

"தோலை எடுக்கிறதுன்னா... சார், அது..."

"ஆமா, சுன்னத்துதான்."

எவ்வளவு நேரம் ஆகும், மயக்க மருந்து உண்டா, பிள்ளைக்கு வலிக்குமா என்று கேட்க எத்தனையோ இருந்தன. ஹரிராம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாத்தா தெரியுமா சார்?"

"யாரு பாத்தா?" என்றார் டாக்டர்.

யார் பார்ப்பார்கள் என்ற பட்டியல் வீடு போய்ச் சேருவதற்குள் ஹரிராமின் தலைக்குள் நீண்டுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்ப்பார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிற மருமகள் பார்ப்பாள், அவள் தன் அம்மாவிடம் சொல்லுவாள், அந்த அம்மா ஊர் முழுக்கச் சொல்லுவாள். இத்தனைக்கும் போன வருஷம்தான் அடுத்த மேசை ஜாபரின் மகனுக்குச் சுன்னத்து விருந்து என்று போய், சுவர்க் கடிகாரம் அன்பளிப்பாகக் கொடுத்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். ஜாபர் வீட்டில் நடந்தபோது அது விசேஷம். தன் வீட்டில் என்றதும் விபரீதமாகிவிட்டது.

"ஊர்ல கலவரம் கிலவரம் வந்தா அவுத்துப் பாக்கிற காலம் இது" என்றான் மனைவி பத்மாசினியிடம். இவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழில் சொல்வது நம் வசதிக்காக.

"அவுத்துப் பாக்கிறவன்தான் கிறுக்குப் பய. அவனுக்குப் பயந்து எம்பிள்ளை எதுக்குங்க காய்ச்சல்ல கெடக்கணும்?" என்றாள் அவள். அவள் மனதில் விஷயம் டாக்டர் அறையிலேயே முடிவாகிவிட்டது. ஆனால் ஹரிராமுக்குப் பெரியவர்களைக் கேட்க வேண்டியிருந்தது.

பெரியவர் என்றால் பெரியப்பா சாந்தாராம். மஹால் பக்கம் சாயப்பட்டறை வைத்து நடத்தியவர். அப்பா இல்லாத ஹரிராமுக்கு அவர் சொல்வதுதான் கடைசிச் சொல். ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பங்காளிகளும் காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளை உள்ளே அழுதுகொண்டிருந்தான். ஹரிராம் விஷயத்தை மென்று முழுங்கிச் சொல்லி முடித்தான்.

பெரியப்பா டம்ளரை ணங்கென்று வைத்தார். "நம்ம வம்சத்துல ஒரு ஆம்பளை மேல அந்தக் கத்தி பட்டதில்ல. படவும் கூடாது. டாக்டருக்கென்ன, அறுக்கிறதுதான் அவனுக்குத் தொழில். பிள்ளைக்கு இளநி குடு. பார்லித் தண்ணி குடு. சூடு இறங்குனா தன்னால சரியாப்போகும்."

சித்தப்பா விட்டத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். ஒரு பிள்ளையின் மூத்திரம் சம்பந்தமாக அவ்வளவு ஒற்றுமை அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. சொத்துப் பிரிக்கும்போது இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அதுவும் போக, ஆவணியில அழகர்கோயில்ல மொட்டை, காதுகுத்து வச்சிருக்கு. பிள்ளையை அம்மணமா வச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்துறப்ப அம்புட்டு சனமும் சுத்தி நிக்கும். அது முடியட்டும், பாத்துக்கலாம்."

ஹரிராமுக்கு உயிர் வந்தது. வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியதில்லை, வேண்டும் என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனி போய் ஆடி வந்தது. பத்மாசினி தினமும் கேட்டாள், அவன் தினமும் காதுகுத்து முடியட்டும் என்றான். மருந்தை நிறுத்தும்போதெல்லாம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. பக்கத்து வீட்டு விருமாண்டியின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். என்ன சார் பிள்ளைக்கு என்று விருமாண்டி கேட்டால், ஹரிராம் சளி என்று பூசி மெழுகுவான்.

ஆவணியில் வேன் பிடித்து எல்லோரும் அழகர்கோயில் போனார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, தலையை மழித்தார்கள். அடுத்து ஆசாரி வந்து இரண்டு காதிலும் துளை போட்டார். பிள்ளை மூச்சு நின்றுவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு வீறிட்டான். சுற்றி நின்ற சனம் சிரித்தது. "அஞ்சு நிமிஷ அழுகை, அப்புறம் மறந்துருவான்" என்று பெரியப்பா சர்க்கரையை எடுத்து அவன் நாக்கில் வைத்தார். பிள்ளை சம்மதத்தை ஒருத்தரும் கேட்கவில்லை. பார்த்தால் தெரியுமா என்றும் கேட்கவில்லை. பார்த்தால் தெரிய வேண்டும் என்றுதானே காது குத்துகிறார்கள்.

"இதைப் பிடிச்சு அமுக்க மட்டும் இம்புட்டுப் பேரு வந்துட்டாங்க" என்றாள் பத்மாசினி. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ்தான் வரும். ஹரிராம் காதில் விழாத மாதிரி பந்தியைக் கவனிக்கப் போய்விட்டான்.

நாலாம் நாள் காய்ச்சல் நூற்று நாலு. வாந்தி, கண் மேலே செருகிக்கொண்டது. விருமாண்டி ஆட்டோவை விரட்டிய விரட்டில் சிக்னல் எல்லாம் பின்னால் போயின. ஊசி மேல் ஊசியாகப் போட்டு ஒன்பது நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். டாக்டர் ஆல்பின் பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"இடது கிட்னியில இந்த இடம் சுருங்கிருச்சு. மிச்சத்தை வச்சு நல்லாவே இருப்பான். ஆனா வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். ரத்த அழுத்தம் வருதான்னும் பாக்கணும்."

"சார், இது..."

"ஆனியிலயே சொன்னேன்" என்றார் டாக்டர். திட்டியிருந்தாலாவது ஹரிராம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். பத்மாசினி அவனைப் பார்க்கவே இல்லை. அவனிடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டாள். பத்தாம் நாள் அரைமணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் ஊறப்போட்ட விஷயம், அவன் கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் பெரியப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்தார். பிள்ளையைப் பார்த்தார், திருநீறு பூசினார். திரும்பும்போது ஹரிராமை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார்.

"பயப்படாதடா ஹரி. நாலஞ்சு நாள் எரியும். லேசான துணியாப் போட்டு விடு. புண்ணு ஆறிருச்சுன்னா அப்புறம் ரொம்பச் சுகம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியப்பா?"

பெரியவர் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர்ல எனக்குக் குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லலையா? நீகூட ஆரஞ்சு வாங்கிட்டு வந்தியே. அது குடலிறக்கம் இல்லடா. சுகர்ல அங்க புண்ணாகி, தோலை எடுத்தே ஆகணும்னுட்டாங்க. உன் சித்தப்பனுக்கும் போன வருஷம் அதே டாக்டர்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"அப்ப அன்னைக்கு, அம்புட்டுப் பேருக்கு நடுவுல, வம்சத்துலயே கத்தி படலைன்னு..."

"சபையில வச்சு அதையாடா சொல்லுவாங்க?" என்றார் பெரியப்பா, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தரையில் போட்டு உடைக்க வேண்டும் போல ஹரிராமுக்கு ஆத்திரம் வந்தது. உங்கள் வேட்டி மானத்துக்கு என் பிள்ளையின் சிறுநீரகமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டு, பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதான். இனி யாருக்கும் எதையும் மறைப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தான். அவன் வாழ்க்கையில் பரிசீலனை இல்லாமல் எடுத்த முதல் முடிவு அது.

சாயங்காலம் விருமாண்டி ஆட்டோவிலேயே வீடு திரும்பினார்கள். வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "என்ன ஆபரேஷன் சார் பிள்ளைக்கு?"

ஹரிராம் வாயைத் திறந்தான். "குடலிறக்கம்ணே" என்று வந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டபடி படியேறிக்கொண்டிருந்த பத்மாசினி நின்று திரும்பினாள். "இல்லண்ணே. சுன்னத்து. மூணு மாசத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்கணும்."

தெருவில் இட்லி மாவு வாங்கிக்கொண்டு போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. விருமாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியா தங்கச்சி, நல்லது" என்றவர் ஹரிராம் பக்கம் திரும்பினார். "இப்ப பய அழுகாம ஒண்ணுக்குப் போறானா சார்?"

ஹரிராமுக்குத் தெரியவில்லை. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"போறாண்ணே" என்றாள் அவள். "இன்னைக்குக் காலைலதான் மொத மொதல்ல சிரிச்சுக்கிட்டே போனான். அப்ப இவரு பெரிய மாமாவை வழியனுப்பப் போயிருந்தாரு."