மூன்று மாத்திரை செட்டு

சாப்பிட்டதும் வயிற்றை முறுக்குகிறது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடலில் அடைப்பு என்று ஒரு முழம் அறுத்து எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள், அந்தத் துண்டைப் பரிசோதித்த டாக்டரே என்னைப் பார்க்கவேண்டும் என்று போன் வந்தது. மைக்ராஸ்கோப்பில் சதையைப் பார்க்கிறவர்கள் ஆளைப் பார்ப்பதில்லை. கூப்பிட்டால் என்ன அர்த்தம்? உவரியிலிருந்து நானும் என் பெண்டாட்டி லூர்து மேரியும் பஸ் ஏறினோம். கடலில் பயந்தவன் இல்லை இந்த ரேமண்ட். அன்றைக்குத் திருநெல்வேலி வரும்வரை ஜெபமாலையைக் கையிலிருந்து விடவில்லை. என் அப்பா வயிற்றில் கட்டி வந்துதான் போனார்.

டாக்டர் சுகிர்தா, "கேன்சர் இல்ல. டிபியும் இல்ல," என்றார். நான் மூச்சு விடுவதற்குள் "ஆனா" என்றார். இந்த 'ஆனா'வை டாக்டர்களுக்குக் கல்லூரியில் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள் போல.

குடலுக்குள் மெல்லிய வளையங்கள் வளர்ந்து வழியைச் சுருக்கியிருக்கின்றனவாம். வளையத்து விளிம்பில் ஆழமில்லாத புண்.

"இப்படிப் புண்ணு பிறவியிலேயே உள்ள ஒரு அபூர்வ நோயால வரும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். இல்லன்னா வலி மாத்திரையால வரும். சதையப் பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நீங்கதான் சொல்லணும். மாத்திரை எதும் போடுதீங்களா?"

"மாத்திரையே தொடமாட்டேன், டாக்டரம்மா."

அவர் முகம் வாடியது. அப்படியானால் பிறவி நோய்தான்; திரும்பத் திரும்ப வெட்டு.

"செட்டு போடுவாகளே," என்றாள் லூர்து மேரி, பைய.

"அது மாத்திரையா, ஏட்டி? மேலு வலிக்குல்ல போடுதேன்."

மெடிக்கல் கடையில் உடம்பு வலி என்றால் மூன்று மாத்திரையைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதுதான் செட்டு. வலை இழுக்கிற தோளுக்காகப் பத்து வருஷமாகக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எங்கள் கரையில் டீ குடிக்கிற மாதிரி. அதை மருந்தென்று யாரும் சொல்வதில்லை.

டாக்டர் சிரித்தேவிட்டார். "செட்டுல இருக்கதே வலி மாத்திரைதான். அதுதான் காரணம். இன்னையோட நிறுத்திருங்க. பெரும்பாலும் திரும்ப வராது."

கண் கலங்கிவிட்டது எனக்கு. மாதாவே என்று லூர்து மேரியின் கையைப் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூட்டுவலிக்கென்று நாலு வருஷமாக அவளுக்கும் தினம் ஒரு செட்டு நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

"எனக்கும் மூணு மாசமா சாப்பிட்டதும் வயித்த முறுக்குது, டாக்டரம்மா," என்றாள். "இவுக ஆப்பரேசன் முடியட்டும்னு சொல்லாம இருந்தேன்."