முட்டுக் கொடுத்த வண்டி

இந்தக் காலத்து ஆட்களை நம்பி ஓர் ஆணியைக்கூட விட்டுவிட்டுப் போக முடிவதில்லை. ஜெர்மன் சண்டை வந்தாலும் வந்தது, சீமைச் சாமான் வரத்து நின்றது. அன்றிலிருந்து ஊரில் முக்கால்வாசிப் பேர் திருடுகிறார்கள், மிச்சப் பேர் அவர்களிடம் வாங்குகிறார்கள். திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டும் மாசிலாமணியின் தீர்மானம் இது. அதனால்தான் விழுப்புரம் பட்டறையில் பாண்டுரங்கன் மேஸ்திரி, "காரை விட்டுட்டுப் போங்க பெரியவரே, வெள்ளிக்கிழமை வாங்க" என்றதும், "நான் எங்கியும் போறதா இல்ல" என்று வண்டிக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்ட, காரின் பின்னால் கரி கேஸ் பீப்பாய் மாட்டியிருந்தார். அதன் பாரமும் சூடும் சேர்ந்து, முன்பே உளுத்திருந்த தரைப்பலகையைத் தின்றுவிட்டன. போன வாரம் விக்கிரவாண்டி தாண்டியதும், சவாரி வந்த கெங்கம்மாள் ஏற்றிய மல்லாட்டை மூட்டை பலகையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டில் இறங்கியது. அந்தம்மா வழி நெடுகச் சிதறிய கடலையைப் பொறுக்கிக்கொண்டே அவரை வைதாள். வைதது போகட்டும். வண்டி போய்விட்டால், அப்பன் கூலிக்குக் குனிந்த அதே கழனியில் அவரும் போய்க் குனிய வேண்டும். கிளீனராக வண்டி துடைத்துத் துடைத்தே டிரைவராகி, ஒரு டாக்டர் கழித்துப் போட்ட காரை வாங்கியவர் அவர். அந்தக் கழனிக்குச் சொந்தக்காரரே இப்போது அவர் பின்னால் உட்கார்ந்துதான் கோர்ட்டுக்குப் போகிறார்.

பாண்டுரங்கன் வண்டிக்கடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தான்.

"பலகை மட்டும் இல்லீங்க. ரெண்டு பக்கத்து அடிச்சட்டமும் போச்சி. எல்லாத்தையும் அறுத்து எடுக்கணும். அதுக்கு முன்ன கதவு வாசலுக்கு முட்டு கொடுக்கணும்."

இரும்புப் பட்டைகளையும் துளை போடும் கருவியையும் எடுத்துவந்தான். மாசிலாமணி எழுந்து குறுக்கே நின்றார்.

"யோவ் மேஸ்திரி, நல்ல ஒடம்புல எதுக்கு ஓட்டை போடறே?"

"அடிச்சட்டந்தாங்க இதுக்கு இடுப்பு. அதை எடுத்தா முன்பக்கம் ஒருவாட்டம், பின்பக்கம் ஒருவாட்டம் தொங்கிடும். வாசல் கோணிக்கும். அப்புறம் புதுச்சட்டம் போட்டாலும் கதவு சாத்தாது. மூலைக்கு மூலை பட்டை வெச்சி முடுக்கிட்டா அசையாது."

"அசைஞ்சா?"

"அசையாதுங்க."

"அசைஞ்சிதுன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?"

மல்லாட்டை மூட்டையைத் தைத்திருந்த சணல் கயிறு வண்டியிலேயே கிடந்தது. அதை எடுத்து, வாசலின் மேல்மூலையிலிருந்து எதிர்க் கீழ்மூலைக்கு விறைப்பாகப் பிடித்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இதான் எனக்கு சாட்சி. இப்ப நடத்து."

பீப்பாயைக் கழற்றினார்கள். வாசல்களில் பட்டைகள் ஏறின. உடம்பைத் தூக்கி ஜாக்கியில் நிறுத்தி, மக்கிய சட்டங்களை அறுத்தெடுத்தான் பாண்டுரங்கன். சீட்டுக்குக் கீழே வெறும் மண் தெரிந்தது. மாசிலாமணி அங்கேயே தின்று, அங்கேயே படுத்தார். கழற்றிய போல்ட்டுகள் அத்தனையும் அவர் துண்டு முடிச்சில் இருந்தன.

புதுச் சட்டத்தைச் செருகப் போகும் நேரத்தில் மழை ஊற்றியது. ஜாக்கிக்குக் கீழே மண் இளகியது. வண்டி பின்பக்கமாகச் சாயத் தொடங்கியதும் மாசிலாமணி போய்த் தோளைக் கொடுத்தார்.

"வெளிய வாங்க பெரியவரே, நசுங்கிடுவீங்க!"

"கட்டையை வைய்யா மொதல்ல! பேச்சு அப்புறம்!"

பாண்டுரங்கன் பழைய ரயில் கட்டையொன்றைப் புரட்டிவந்து கீழே தள்ளும்வரை அவர் தோளை எடுக்கவில்லை. கால் சேற்றில் புதைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. முட்டுப் பட்டைகள் கிறீச்சிட்டன. ஆனால் ஒரு போல்ட்டும் நழுவவில்லை.

மழை விட்டதும் சட்டம் ஏறியது, பலகை ஏறியது, முட்டு இறங்கியது. பாண்டுரங்கன் கதவைச் சாத்தினான். டொக்கென்று பொருந்தியது.

"எப்பிடி?"

மாசிலாமணி ஈர வேட்டி மடிப்பிலிருந்து கயிற்றை உருவிப் பிடித்தார். கீழ் முடிச்சு மூலைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"கோணிச்சி. நான் அப்பவே நெனச்சேன்."

"கோணியிருந்தா கதவு சாத்துமாங்க? கயிறு நனைஞ்சி சுருங்கிக்கினு இருக்குது."

"துணி சுருங்கும். கயிறு சுருங்கினதை எவன் பாத்தான்?"

"சரி, உலைகிட்ட காட்டுங்க. காஞ்சா நீண்டுக்கும்."

"உன் உலையிலயா? நான் அந்தாண்ட திரும்பினா நீ புடிச்சி இழுத்து நீட்டிடுவே."

பாண்டுரங்கன் சிரித்தேவிட்டான். மாசிலாமணி கதவைத் திறந்து சாத்தினார். டொக். மறுபடியும் திறந்து, ஓங்கிச் சாத்தினார். அப்போதும் டொக்தான். மூஞ்சி இன்னும் கடுத்தது.

"இன்னிக்கி சாத்தும். மூட்டை ஏத்தினா தெரியும்."

கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, தானே அதைக் காயவைக்க, ரயில் இஞ்சின்கள் சுடுசாம்பல் கொட்டும் மேட்டை நோக்கி நடந்தார். போகிறபோதே குரல் கொடுத்தார்: "நான் வர்ற வரைக்கும் வண்டியில எவனும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

பிறகு தனக்குள் முணுமுணுத்தார். "கதவு சாத்துதாம், கதவு."