விரிப்பை ஒற்றை ஆளாக மடிப்பது எப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பயிற்சி வகுப்பில், என் கொட்டாவிக்கு நடுவே பிறந்தது. ஊழியர்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. பேச வந்தவர் டையைச் சரிசெய்துகொண்டு, "போட்டி வைங்க. மிச்சத்தை மனுஷ சுபாவம் பார்த்துக்கும்" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நானும்தான்.

திரும்பும் வழியில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் ஜன்னல். உள்ளே இரண்டு பெண்கள் ஒரு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். விலகினார்கள், இழுத்து உதறினார்கள், நெருங்கி வந்து முனையைக் கைமாற்றினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்களுக்குள் போட்டி வைத்தால் என்ன ஆகும்? தூக்கிவாரிப்போட்டது எனக்கு. கதை கிடைத்துவிட்டது! வீடு வரைக்கும் ஏறக்குறைய ஓடியே வந்தேன்.

2

"சலவைக்கூடத்தின் ஜன்னலில் காலை வெளிச்சம்..." (வேண்டாம். வெளிச்சத்தில் தொடங்கும் கதைகளை நிறையவே பார்த்தாயிற்று.)

"தலைமைப் பண்பு என்பது யாதெனில்..." (நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.)

"குட்டையை மேற்பார்வையாளராக்கியபோது முதலில் கைதட்டியவள் நெட்டை." ஆ, இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

இருவரும் ஒரே மேசையில் வருஷக்கணக்காக விரிப்பு மடித்தவர்கள். ஒருத்தி கூடத்திலேயே உயரம், இன்னொருத்தி தோளளவு. கூடம் வைத்த பட்டப்பெயர்களை இருவரும் மாலையாகவே போட்டுக்கொண்டார்கள். பதவி வந்த அன்று நெட்டை சொன்னாள்: "இனிமே உன்னை மேடம்னு கூப்பிடணுமாடி?"

"கூப்பிட்டுப் பாரு, தெரியும் சேதி."

குட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலாளர் முன்னால் தன்னை நிரூபித்தாக வேண்டும். அவளும் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தாள். (ஆமாம், என் வகுப்பேதான். கற்பனைக்குச் சோம்பல் வந்தால் அப்படித்தான்.) மறுநாளே அறிவித்தாள்: மாதக் கடைசியில் அதிகம் மடித்தவருக்குப் பரிசு, ஒரு மேசை மின்விசிறி! சுவரில் பலகை மாட்டி, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சாக்பீஸ் கோடு போட ஏற்பாடு செய்தாள்.

ஒரு விரிப்புக்கு இரண்டு ஆள். கோடு மட்டும் ஒருவருக்கு. இந்த ஓட்டை அவள் கண்ணில் படவே இல்லை. இத்தனை வருஷம் மடித்தவள் இதை எப்படிக் கவனிக்காமல் போவாள் என்று முதல் பிரதியில் நானே சந்தேகப்பட்டேன்.*

* இப்போது இல்லை. கை பழகிய வேலையை மனசு எண்ணிப் பார்ப்பதே இல்லை. நீங்கள் சட்டைக்கு எந்தக் கையால் பொத்தான் போடுகிறீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

3

இனி என்னால் மெதுவாகச் சொல்ல முடியாது!

கூடம் பற்றிக்கொண்டது. கோடு பங்குபோட மனமில்லாமல் ஜோடிகள் பிரிந்தன. ஒருத்தி விரிப்பின் நுனியைத் தாடைக்கடியில் இடுக்கினாள். ஒருத்தி கதவுக் கைப்பிடியில் முடிந்தாள். இன்னொருத்தி தள்ளுவண்டியைக் கூட்டாளியாக்கிக்கொண்டாள். டீ ஆறிப்போனது. குட்டை இடுப்பில் கைவைத்து நின்று, கோடுகள் வளர்வதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். மேலாளர் வந்து, "பிரமாதம்மா! மத்த கூடத்துக்கும் இதையே கொண்டுபோயிடலாம்" என்றார்.

எல்லாரையும் முந்தியவள் நெட்டை. கையை உயர்த்தி விரித்தால் விரிப்பு முழுசாக அவளிடம் அடங்கும், நுனிகூடத் தரையில் படாது. மற்றவர்களுக்குப் பட்டது. தரையில் பட்ட துணி மறுபடி சலவைக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் முதல் விதி. போட்டிச் சூட்டில் யார் அதைப் பார்த்தார்கள்? தட்டிவிட்டு மடித்தார்கள்.

ஒரு மதியம் அறுவைப் பிரிவு நர்ஸ் ஒரு விரிப்போடு வந்து மேசையில் உதறினாள். நடுவில் ஒரு செருப்புத் தடம்.

"தையல் பிரிக்காத ஆளை இதுலயா படுக்க வைக்கச் சொல்றீங்க?"

குட்டை அந்தத் தடத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது: அந்தச் செருப்பு யாருடையதாக இருந்தாலும் தடம் தன்னுடையது.

4

மறுநாள் பரிசளிப்பு. நெட்டைக்குப் பரிசு கொடுத்தால் போட்டி மற்ற கூடங்களுக்கும் பரவும், தடங்களும் பரவும். கொடுக்காவிட்டால், ஒரு தப்பும் செய்யாதவளின் வெற்றியைப் பிடுங்கியதாகும். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் பேனாவைக் கடித்தேன்.

முடிவு அ: பெயரை அறிவிக்கிறாள், கைதட்டல், சுபம். (அடித்துவிட்டேன். நர்ஸ் மறுபடி வருவாள்.)

முடிவு ஆ: எல்லாருமே வெற்றியாளர்கள் என்கிறாள். (இதை எழுதியபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்தியமாகக் கேட்டது.)

முடிவு இ: நெட்டை பெருந்தன்மையாக முன்வந்து, "இந்தப் பரிசு எனக்கு வேண்டாம், நம்ம கூடத்தோட மானம்தான் எனக்கு..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க மறுத்துவிட்டாள். சரி, பேனாவை அவள் போக்குக்கே விட்டேன். வந்தது இதுதான்:

"நான் ஏன் விட்டுக்குடுக்கணும்?" என்றாள் நெட்டை, பரிசளிப்புக்குச் சற்று முன்னால், பலகையடியில். "நான் மடிச்சதுல ஒண்ணாவது தரையில பட்டுச்சா?"

"இல்லடி."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாச்சு. ஃபேன் வைக்க அலமாரி மேல இடம்கூட ஒதுக்கிட்டார். பொறந்ததுலேர்ந்து நான் ஒண்ணுலயும் ஜெயிச்சதில்ல குட்டை. பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல கூட ஓரமா நின்னு தண்ணி குடுத்தவ நான்."

"அந்த விரிப்பை நீயும் பார்த்தல்ல?"

"பார்த்தேன். போட்டி வச்சது யாரு?"

குட்டை பலகையில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மேடம்."

எழுதிக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சில் சுருக்கென்றது. குட்டைக்கு எப்படி இருந்திருக்கும்!

5

கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேலாளர் நடுவில். மின்விசிறி பெட்டியோடு மேசைமேல். குட்டை முன்னால் வருகிறாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது, நம்புங்கள், வேகமாக எழுதிக்கொண்டே கேட்கிறேன்.

"ஜெயிச்சது நெட்டை" என்றாள். "சுத்தமா ஜெயிச்சா. யாரும் குறை சொல்ல முடியாது."

கைதட்டல். பெட்டியை எடுத்து நெட்டையின் கையில் கொடுத்தாள். நகரவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும் சார். இந்தப் போட்டி தப்பு. ரெண்டு பேர் செய்யுற வேலைக்கு ஒத்தையா பரிசு வச்சேன். அழுக்கு விரிப்பு நோயாளி வரைக்கும் போயிருக்கு. இவங்க யாரையும் கேக்காதீங்க. யோசனை என்னோடது. மத்த கூடத்துக்கு இதைக் கொண்டுபோகாதீங்க."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. "பரிசளிப்புல பேசுற பேச்சாம்மா இது? அப்போ மேற்பார்வைக்கு வேற ஆளைப் பார்க்கட்டுமா?"

"பாருங்க சார்."

எழுந்து நின்று கத்தினேன் நான், என் அறையில், தனியாக! இதுதான் தலைமை என்று அந்த டைக்காரரைத் தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பிறகு உட்கார்ந்தேன். ஏனென்றால் கதை இன்னும் நிற்கவில்லை. மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மற்ற எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக நின்றவள் அவர் கண்ணில் பட்டாள்.

"நீதானேம்மா முதலாவதா வந்தது? நாளையிலேர்ந்து நீ பார்த்துக்கிறியா?"

கூடமே நெட்டையைத் திரும்பிப் பார்த்தது. குட்டை மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை பெட்டியை இறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

6

அவளை நான் ஒருமுறை பெருந்தன்மையாக்கப் பார்த்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். மறுபடி அவள் வாயில் வார்த்தை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்கள் வைக்கலாம். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு வைக்காதீர்கள். அங்கே போய் நில்லுங்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஜெயித்திருக்கிறீர்கள். எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள். உங்களைப் பார்க்காதவள் ஒருத்திதான்.

ம், சொல்லுங்கள்.