டீச்சர் பேசாத வாரம்

ஐந்தாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. பக்கத்து வகுப்புகளில் பிரம்பு மேசையில் விழுந்துகொண்டே இருக்கும், "வாயை மூடு" என்று அதட்டல் பறக்கும். இவர் மெதுவாகத்தான் பேசுவார். பேசிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் போவார், வருவார், ஒருவன் நோட்டை எட்டிப் பார்ப்பார், இன்னொருத்தியின் தோளைத் தட்டிக்கொடுப்பார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வாத்தியார்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "நடந்துகிட்டே நடத்தினாத்தான் கடைசி பெஞ்சுக்கும் பாடம் போய்ச் சேரும்" என்று ஆசிரியர் ஓய்வறையில் சொல்வார். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடிப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார டீச்சர்தான். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள், நாற்பத்தொரு தினுசு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று மூன்றோடும் மல்லுக்கட்டுகிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு டீச்சர் படம் வரைந்து காட்டுவார். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத ஒருவனுக்கு நோட்டுகளை எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம் கொடுத்திருந்தார். அவன் நடந்துகொண்டே வாய்ப்பாடு படித்துவிட்டான். ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி தோற்றது ஒரே ஒருத்தியிடம்தான்.

அவளை வகுப்பில் எல்லோரும் 'டியூப்லைட்' என்றார்கள். ஏதாவது கேட்டால் ஒரு நிமிடம் கழித்துத்தான் பதில் வரும், அதுவும் பாதி நாள் வேறு எதற்கோ உள்ள பதிலாக இருக்கும். டீச்சர் அந்தப் பட்டப்பெயரைத் தடை செய்திருந்தார், ஆனால் பிள்ளைகளின் வாய்க்குப் பூட்டா போட முடியும்? அவளுடைய அம்மா அவளைப் 'பாப்பா' என்பாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். பாப்பா கடைசி பெஞ்சில் சோடாபுட்டி என்கிற கண்ணாடிக்காரியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்க்கு முப்பத்தைந்து, நாற்பது. தட்டுத் தடுமாறிப் பாஸ்.

எல்லா ஆசிரியர்களும் செய்கிற காரியத்தைத்தான் டீச்சரும் செய்தார். மெதுவாகப் படிக்கிற பிள்ளையா, தூக்கி முதல் பெஞ்சில் போடு. பாப்பாவை சோடாபுட்டியிடமிருந்து பிரித்துக் கரும்பலகைக்கு நேராக உட்கார வைத்தார். "இனிமே என் கண்ணு முன்னாலேயே இருக்கணும், சரியா?" என்று கன்னத்தைத் தட்டினார். பாப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அடுத்த மாதத் தேர்வில் இருபத்திரண்டு வாங்கினாள். அதற்கடுத்த மாதம் பன்னிரண்டு.

டீச்சருக்கு மனசு விட்டுப் போனது. கோபம்கூட வந்தது, பொய் சொல்வானேன். கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்தால் பாதாளத்துக்குப் போகிறாளே, வேண்டுமென்றே செய்கிறாளோ? தேர்வு அறிக்கையில் 'கவனமில்லை' என்று எழுதினார். அடுத்த மாதமும் அதையே எழுதினார். கடைசியில் தலைமையாசிரியரே படிவத்தை நீட்டினார். பாப்பாவை நாலாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பும் படிவம். "எல்லாரையும் நாமளே சுமக்க முடியாது டீச்சர்" என்றார். டீச்சர் இரண்டு நாள் பைக்குள் வைத்துச் சுமந்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் 'கவனமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை பாப்பாவின் அம்மா வந்து அவள் பங்குக்குக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. தன்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். அங்கேயும் டியூப்லைட் என்பார்கள், கூடவே 'பெரிய' என்று சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த வாரம் பார்த்து டீச்சருக்குத் தொண்டை கட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் பேச்சே கூடாது. ரகசியம் பேசுற மாதிரிகூடப் பேசக்கூடாது" என்றார். டீச்சரின் கணவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றார். "பதினெட்டு வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் லீவு டாக்டர் இது" என்று சொல்லிவிட்டு, மனைவியின் பார்வையைப் பார்த்து வெளியே மருந்து வாங்கப் போனார்.

லீவு எடுக்கலாம்தான். எடுத்தால் நாற்பத்தொரு பேரையும் பக்கத்து வகுப்புப் பிரம்புக்காரரிடம் ஒப்படைப்பார்கள். அதற்கு இது மேல் என்று திங்கட்கிழமை பள்ளிக்கு வந்து, 'எனக்கு இந்த வாரம் குரல் இல்லை. நீங்களும் சத்தம் போடாமல் இருந்தால் நாம் தப்பிப்போம்' என்று பலகையில் எழுதினார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. குரல் இல்லாமல் நடந்து என்ன பயன்? எனவே டீச்சர் பலகையை விட்டு நகரவில்லை. எழுதினார், தட்டிக் காட்டினார், கையை விரித்தார், புருவத்தைத் தூக்கினார், சரியான விடைக்குத் துள்ளிக்கூடக் காட்டினார். பின்னங்கள் பாடம். ஒரு ரொட்டியை எட்டாக வெட்டி மூன்றைத் தின்றால் மீதி எவ்வளவு என்று எழுதித் திரும்பினார்.

முதல் பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. பாப்பாவின் கை.

ஏதோ தண்ணீர் குடிக்கப் போகக் கேட்கிறாள் என்றுதான் டீச்சர் நினைத்தார். பாப்பா எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி எட்டில் ஐந்து என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். குருட்டாம்போக்கில் வந்திருக்கும். டீச்சர் இன்னும் கஷ்டமான கணக்காகப் பார்த்துப் போட்டார். அந்தக் கை மறுபடியும் எழுந்தது. செவ்வாய்க்கிழமை அறிவியலில் பலகையில் ஐந்து கேள்வி எழுதி நோட்டை வாங்கித் திருத்தினால், பாப்பாவுக்கு ஐந்துக்கு ஐந்து. டீச்சர் அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். காப்பி அடித்திருப்பாளோ என்று பார்த்தால், பக்கத்தில் இருந்தவள் வாங்கியது இரண்டு.

புதன்கிழமை சொல்வதெழுதுதல். டீச்சரால் சொல்ல முடியாது, எனவே சோடாபுட்டியிடம் புத்தகத்தைக் கொடுத்து அவள் இடத்திலிருந்தே வாசிக்கச் சொல்லி சைகை காட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து அவள் கணீரென்று வாசித்தாள். முப்பத்தொன்பது தலைகள் குனிந்தன. ஒரு தலை குனியவில்லை. பாப்பா பென்சிலைப் பிடித்தபடி டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது ஏதாவது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறவளாக. பக்கத்தில் இருந்தவள் எழுதுவதைப் பார்த்ததும் திடுக்கிட்டு அவசர அவசரமாக நோட்டைத் திறந்தாள்.

டீச்சர் சோடாபுட்டியைக் கைகாட்டி வெளியே அழைத்துக்கொண்டு போனார். தாளில், 'பாப்பாவுக்கு என்ன?' என்று எழுதிக் காட்டினார்.

"பின்னாலேருந்து பேசினா அவளுக்குக் கேக்காது டீச்சர்" என்றாள் சோடாபுட்டி, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. "முகத்தைப் பாத்துச் சொல்லணும். இல்லாட்டி சத்தமாச் சொல்லணும். முன்னாடி நான் புஸ்தகத்துல விரலை வெச்சுக் காட்டுவேன். எல்லாரும் நோட்டு எடுத்தா அவளும் பாத்து எடுப்பா. இப்ப முன்னால உக்காந்திருக்காளா, பக்கத்துல ஒருத்தியத் தவிர யாரையும் பாக்க முடியல பாவம்."

டீச்சர் 'ஏன் என்னிடம் சொல்லவில்லை?' என்று எழுதினார்.

சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "நீங்க கேக்கலையே டீச்சர்."

அந்த இரவு டீச்சருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? எத்தனை பாடம் அந்தக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் மெதுவான குரலில் நடந்துகொண்டே போயிருக்கிறது. அன்பாக நடத்துகிறேன் என்று நினைத்து நினைத்து, இருந்த ஒரு துணையையும் பிடுங்கிவிட்டு, கவனமில்லை என்று வேறு எழுதியாயிற்று.

வியாழக்கிழமை காலை அவர் பள்ளிக்குள் நுழையும்போதே தலைமையாசிரியர் அறையிலிருந்து பாப்பாவின் அம்மாவின் குரல் வாசல்வரை கேட்டது. அவள் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். எப்போது வந்தாலும் சண்டைக்கு வந்தவளைப் போல் பேசுவாள் என்று ஓய்வறையில் அவளுக்குக் கெட்ட பெயர். டீச்சர் ஓடினார். உள்ளே அம்மா கையில் பேனா, முன்னால் படிவம், பக்கத்தில் பாப்பா ஜன்னலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் நேராகப் போய்ப் படிவத்தின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"என்ன டீச்சர் இது?" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் ஒரு தாளை இழுத்து விறுவிறுவென்று எழுதித் தள்ளினார். தலைமையாசிரியர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு. பசங்க எழுதினா விடுவீங்களா?"

டீச்சர் தாளைப் பிடுங்கினார். அவரைக் கைப்பிடித்து எழுப்பிப் பாப்பாவுக்குப் பின்னால் நிற்க வைத்து, கூப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். பள்ளியின் தலைமையாசிரியரை இப்படி யாரும் இழுத்ததில்லை. அந்த அதிர்ச்சியிலேயே அவரும் டீச்சர் காட்டியபடி செய்தார்.

"பாப்பா" என்றார்.

பாப்பா ஜன்னலுக்கு வெளியே ஒரு அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, இங்க பாரும்மா."

அணில் கிளை மாறியது, பாப்பாவின் பார்வையும் மாறியது. அவ்வளவுதான்.

"ஏ பாப்பா!" என்றாள் அம்மா, தன் வழக்கமான குரலில். மேசை மேல் இருந்த கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. பாப்பா சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றாள்.

 அம்மா, முதல்முறையாகக் குரல் இறங்கி, "வீட்ல நான் சொல்றதெல்லாம் கேக்குதே சார். ஒரு தடவை கூப்பிட்டா ஓடி வருவாளே" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துபோயிற்று. "அறுபது மிஷின் ஓடுற இடம் சார். பத்து வருஷமா அங்க கத்திக் கத்தி எனக்கு மெதுவாப் பேசவே வராது. எல்லாரும் சொல்லுவாங்க. அதான், அதான் எனக்குத் தெரியாமலே போச்சு." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் மெதுவாக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பாவையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "காது டாக்டர்கிட்ட நானே கடிதம் தரேன்மா" என்றார். "அவ ஐந்தாவதுலயே இருக்கட்டும்." டீச்சர் அம்மாவின் கையிலிருந்த பேனாவை வாங்கி, படிவத்தில் 'கவனமில்லை' என்று தன் கையெழுத்தில் இருந்த வரியைத் தாள் கிழிகிற அளவுக்கு அடித்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவப் போனாள். டீச்சர் பாப்பாவுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை நிதானமாக, குண்டு குண்டு எழுத்தில் எழுதினார். 'நீதான் வகுப்பிலேயே அதிகம் கவனிக்கிறவள். எனக்குத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.'

பாப்பா விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். டீச்சர் ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சரின் கழுத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"எப்ப சரியாகும் டீச்சர்?"

டீச்சர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள். பாப்பாவின் முகம் வாடிப்போயிற்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்கிறவளாகத் தயங்கித் தயங்கி, "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டுமே டீச்சர்" என்றாள்.

டீச்சருக்குக் கண் நிறைந்து வழிந்தது. பேனாவைத் தேடினார், அது நழுவி எங்கோ உருண்டு போயிருந்தது. பரவாயில்லை என்று பாப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, மூச்சுக்கூட விடாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னார். அங்கே வேறு யார் நின்றிருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது.

பாப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொல்வரைக்கும் பார்த்தாள்.

"நெஜமாவா?" என்றாள். "குரல் வந்தப்புறமும் முன்னால நின்னுதான் பேசுவீங்களா?"