பத்தடி முன்னால்

காலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் குனிந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்கிறது, நாலு எட்டு நடக்க முடியவில்லை என்று வருஷக்கணக்காக என்னிடம் புலம்பிய அதே மனிதர். கதவருகே ஜெஸ்ஸி நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. "வெயிட் கேர்ள், வெயிட்" என்றார். சிங்கப்பூர் செம்பவாங்கில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்து ஸ்டோரில் இருபது வருஷம் வேலை பார்த்தும் வீட்டில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவர். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. நாயைப் பார்த்து வயிறெரிகிறவள் இந்தக் குவார்ட்டர்ஸ் முழுக்க நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவருடைய துரை அறுபத்தாறாம் வருஷம் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன நாய் அது. கோலி ஜாதி, கறுப்பும் வெள்ளையும். ஆடு மேய்க்கவே பிறந்த ஜாதியாம். தினம் இரண்டு மணி நேரம் ஓடவிட வேண்டுமாம், ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கிறுக்குப் பிடித்துவிடுமாம். துரை சொன்னது சரிதான் என்று முதல் வாரமே தெரிந்துபோனது. கட்டிப்போட்ட மூன்றாம் நாள் என் பிரம்பு நாற்காலியின் காலைத் தின்று முடித்தது. நாலாம் நாள் பாய். ஐந்தாம் நாள் அவர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் கடற்கரை வரைக்கும் நடை. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருப்பேன்!

நடப்பதுகூட எனக்குப் பெரிதில்லை. எப்படி நடந்தார் என்பதுதான். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். ஜெஸ்ஸி அவருடைய இடது காலை ஒட்டியே போகும். அது ஒரு தூணை முகர்ந்தால் இவர் நிற்பார். அது தயங்கினால் இவரும் தயங்குவார். எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மகளைக் கட்டிக்கொடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பியும் ஆயிற்று. இத்தனை காலத்தில் இவர் ஒரு நாளாவது என் பக்கத்தில் நடந்ததில்லை. எப்போதும் பத்தடி முன்னால். சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தில் ஒரு தீபாவளிக்கு என் செருப்பு வார் அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் கூப்பிடக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் போனவர். பஸ் நிற்குமிடத்தில் போய் நின்றுகொண்டு, "எங்க பாக்கியம் போய்ட்ட?" என்று என்னைக் கேட்டார். ஒரு நாய்க்கு நடையைக் குறைக்கத் தெரிந்தவருக்கு எனக்காகக் குறைக்கத் தெரியவில்லை. தெரியும், தோன்றவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

நாயை விரட்ட எனக்கு வாய்ப்பு கொடுத்தது ஜெஸ்ஸியேதான். பக்கத்து வீட்டுக் கமலாவின் பிள்ளைகள் நாலும் வெளியே விளையாடும்போது அது ஓசைப்படாமல் வட்டமடித்து வரும். ஒன்று ஓடினால் முன்னால் போய் மறிக்கும். கடைசியில் நாலையும் தண்ணீர்க் குழாயடி மூலையில் சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் உட்காரும். கடித்ததில்லை, குரைத்ததுகூட இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் நின்றன.

"பாவம்க்கா, அதுக்கும் பொழுது போகணும்ல" என்றாள் கமலா.

"இன்னிக்கு மறிக்கும், நாளைக்குக் கடிக்கும். ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வை லா" என்றேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னதும் அவள் போய்ச் சொல்லிவிட்டாள்.

வாரம் முடிவதற்குள் குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, நாயை அப்புறப்படுத்தச் சொல்லி. பொங்கோலில் மாடும் ஆடும் வைத்திருக்கும் என் பெரியப்பா மகன் வடிவேலு அண்ணனுக்கு நானே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினேன். முப்பது ஆடு இருக்கிறது, நல்ல இடம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் டைஃபாய்டில் படுத்திருந்தபோது கடையில் வாங்கி வயிறாரச் சாப்பிட்டவர்.

வெளியாட்கள் தளத்துக்குள் வர பாஸ் வேண்டும். அதனால் ஞாயிறு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே லாரியோடு நிற்பதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

"நீயும் வா. உன் அண்ணன்தானே, நீ சொன்னாத்தான் நல்லா பாத்துக்குவாரு" என்றார் இவர்.

தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே நேரான ரோடு. கடைசி நடையாவது கட்டில்லாமல் போகட்டும் என்று வாரை அவிழ்த்து விட்டார். வழக்கம்போல முன்னால் போனார். ஜெஸ்ஸி அவர் கூடப் போய், சட்டென்று நின்று என்னைப் பார்த்தது. ஓடி வந்து எனக்குப் பின்னால் சுற்றி, மூக்கால் கெண்டைக்காலில் முட்டியது. நான் வேகம் கூட்டவில்லை. எனக்கு என்ன அவசரம்? உடனே அது முன்னால் பாய்ந்து, அவர் எதிரே வயிறு தரையில் படப் பதுங்கி முறைத்தது.

"என்ன கேர்ள்?" இடப்பக்கம் ஒதுங்கினார். மறித்தது. வலப்பக்கம் போனார். அங்கேயும் மறித்தது. நான் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் எழுந்து வழிவிட்டு, எங்கள் இருவருக்கும் பின்னால் வந்தது. பழக்கம் விடுமா, இவர் மறுபடி முன்னால் போனார். மறுபடி மறித்தது. மூன்றாவது தடவை அவரே நின்று எனக்காகக் காத்திருந்தார்.

கொஞ்ச தூரம் சேர்ந்தே நடந்தோம். அவருடைய சட்டைக் கை என் தோளில் பட்டது. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

"நீ இவ்வளவு மெதுவாவா நடப்ப?" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் நடக்கறேன்."

கமலாவை ஏவிவிட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தூரத்தில் கேட் தெரிந்தது. அதற்கு வெளியே லாரியில் சாய்ந்தபடி வடிவேலு அண்ணன் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நான் பார்க்காததுபோல நடையை இன்னும் குறைத்தேன். இவரும் குறைத்தார்.